தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் வணிக அழைப்புகளைக் கைப்பேசியில் பதிவு செய்வது குறித்து அண்மையில் வந்த கடிதங்களுள் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்கள் அனைவரும் சிறு தொழில் செய்பவர்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் வட்டாரத்தையும் மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: தேக்கா வட்டாரத்தில் விசேஷங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கிறோம். ஆர்டர்கள் பெரும்பாலும் தொலைபேசியில்தான் வருகின்றன. சைவம் எத்தனை பேருக்கு, அசைவம் எத்தனை பேருக்கு என்பதில் பிறகு தகராறு வருகிறது. முன்பு இருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலி எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிவு செய்து வைத்தது. புதிய கைப்பேசியில் அதே செயலியைப் போட்டால் எங்கள் குரல் மட்டும் கேட்கிறது. சில நேரங்களில் அதுவும் இல்லாமல் கோப்பு முழுவதும் அமைதியாக இருக்கிறது. இது கைப்பேசியின் கோளாறா, செயலியின் கோளாறா? (உணவு விநியோகத் தொழில் செய்பவர், தேக்கா)

பதில்: இரண்டின் கோளாறும் அல்ல, ஆண்ட்ராய்டு மென்பொருளை உருவாக்கும் கூகல் நிறுவனம் தெரிந்தே செய்த ஏற்பாடு இது. அழைப்பின் இருபுறக் குரலையும் நேரடியாக எடுப்பதற்கான அனுமதி, கைப்பேசியோடு சேர்ந்தே வரும் செயலிகளுக்கு மட்டும் உரியது. நாம் பிறகு பதிவிறக்கம் செய்யும் செயலிகளுக்கு அது கிடைக்காது. முன்னாளில் செயலிகள் இந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த இடுக்குகள் வழியாக நுழைந்து வேலையை முடித்துக்கொண்டன. 2018-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9 அந்த இடுக்குகளை அடைத்தது. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 10-இல், அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது சாதாரணச் செயலி ஒன்று ஒலிவாங்கியைக் கேட்டால், அதற்கு வெறும் நிசப்தமே கொடுக்கப்படும் என்று விதி வந்தது. நீங்கள் சொல்லும் அமைதியான கோப்புக்கு அதுவே காரணம்.

உங்கள் குரல் மட்டும் கேட்பதற்குக் காரணம் வேறு. பார்வைக் குறைபாடு முதலியவை உள்ளவர்களுக்கு உதவும் செயலிகளுக்காக ஒதுக்கப்பட்ட ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதியைப் பெற்ற செயலிக்கு மட்டும் ஒலிவாங்கி திறந்திருந்தது. பதிவுச் செயலிகள் அந்த அனுமதியைப் பயனரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒலிவாங்கியில் விழுவதைப் பதிந்தன. ஒலிவாங்கியில் விழுவது உங்கள் பேச்சு. எதிர்முனையில் இருப்பவரின் பேச்சோ காதுப்பக்க ஒலிபெருக்கியில் வருகிறது. எதிரொலி கேட்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, அது ஒலிவாங்கியில் கசிந்தாலும் கைப்பேசியே நீக்கிவிடுகிறது. அதனால், வாடிக்கையாளர் ‘நூற்றிருபது’ என்று சொன்ன இடத்தில் உங்களுடைய ‘சரிங்க, சரிங்க’ மட்டும் மிஞ்சுகிறது. தகராறு வரும்போது அந்தச் ‘சரிங்க’ எதற்கும் உதவாது.

இந்த வழியையும் கூகல் விட்டுவைக்கவில்லை. அக்சஸிபிலிட்டி அனுமதியை அழைப்புப் பதிவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற அதன் பிளே ஸ்டோர் விதி, 2022 மே 11 முதல் நடைமுறைக்கு வந்தது. ட்ரூகாலர் போன்ற பெரிய செயலிகளே அப்போது அந்த வசதியைக் கைவிட்டன. ஆகவே பழைய செயலியைத் திரும்பத் திரும்ப நீக்கிப் போடுவதில் பயனில்லை.

சில கைப்பேசிகளில் அழைப்புத் திரையிலேயே பதிவுப் பொத்தான் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கைப்பேசியோடு வரும் செயலி என்பதால் இந்தத் தடைக்கு உட்பட்டதன்று. ஆனால் எந்த நாட்டில் விற்பதற்காகத் தயாரிக்கப்பட்டது, எந்த நாட்டில் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பொத்தான் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரே மாடலின் உள்ளூர் செட்டுக்கும் எக்ஸ்போர்ட் செட்டுக்கும் இதில் வேறுபாடு இருக்கக்கூடும். கடைக்காரர் ‘இருக்கு, இருக்கு’ என்று சொல்வதை மட்டும் நம்பாமல், உங்கள் சிம் அட்டையைப் போட்டு ஓர் அழைப்பைப் பதிவு செய்து, இருகுரலும் கேட்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். கூகலின் சொந்த அழைப்புச் செயலியில் இந்த வசதி கிடைக்கும் இடங்களில், பதிவு தொடங்குவதாக இருவருக்கும் கேட்கும்படி ஓர் அறிவிப்பு வரும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பிளே ஸ்டோரில் இல்லாத ஒரு பதிவுச் செயலியின் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்சஸிபிலிட்டியைத் திறந்துவிட்டால் நன்றாக வேலை செய்கிறது என்கிறார். போட்டுக்கொள்ளலாமா? (குளிர்சாதனப் பழுதுபார்ப்பவர், உட்லண்ட்ஸ்)

பதில்: வேண்டாம். நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கோப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே தெரியாது. அக்சஸிபிலிட்டி அனுமதி பெற்ற செயலியால் உங்கள் திரையில் இருப்பதைப் படிக்க முடியும். உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் முடியும். 2023-இல் சிங்கப்பூரில் பலருடைய வங்கிக் கணக்குகளைக் காலி செய்த ஆண்ட்ராய்டு மோசடிகள், குளிர்சாதனச் சேவை, கடலுணவு விற்பனை என்ற பெயரில் ஏபிகே கோப்பை அனுப்பி, இதே அனுமதியைத்தான் கேட்டு வாங்கின.

அதன் பிறகு இங்கே நிலைமை மாறியிருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் ஓசிபிசி வங்கி, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்து ஆபத்தான அனுமதிகளை வைத்திருக்கும் செயலிகள் கைப்பேசியில் இருந்தால் வங்கிச் செயலிக்குள் நுழைய விடாமல் தடுக்கத் தொடங்கியது. மற்ற வங்கிகளும் இத்தகைய ஏற்பாடுகளைக் கொண்டுவந்தன. 2024 பிப்ரவரியில், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் இணைந்து கூகல் ஒரு முன்னோட்டத் திட்டத்தை முதன்முதலாக இங்கேதான் தொடங்கியது. இணையத்திலிருந்தோ குறுஞ்செய்திச் செயலி வழியாகவோ இறக்கப்படும் ஒரு செயலி, குறுஞ்செய்திகளைப் படிப்பது, அக்சஸிபிலிட்டி போன்ற அனுமதிகளை நாடினால், அதை நிறுவ முடியாதபடி ஆண்ட்ராய்டில் உள்ள கூகலின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் தடுத்துவிடும். அதை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று நண்பர் அடுத்து சொல்வாரானால், பழுதுபார்ப்புக் கட்டணத்தைப் பேநவ் மூலம் வாங்கும் அதே கைப்பேசியில் அதைச் செய்யப்போகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். மென்பொருளின் மூலப் பூட்டையே உடைத்து, அதாவது ‘ரூட்’ செய்து, பதிவு செய்யும் முறைக்கும் இதே பதில்தான். வங்கிச் செயலிகள் அத்தகைய கைப்பேசியைப் பொதுவாக ஏற்பதில்லை.

கேள்வி: நான் துணைப்பாட நிலையம் நடத்துகிறேன். ஐஃபோனில் பதிவு செய்தால், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் அறிவிக்கிறது. பெற்றோர் துணுக்குறுகிறார்கள். அந்த அறிவிப்பை நிறுத்த வழி உண்டா? (ஆசிரியை, சுவா சூ காங்)

பதில்: இல்லை. வெளிச்செயலிகள் அழைப்பைப் பதிவு செய்ய ஆப்பிள் ஒருபோதும் இடம் கொடுத்ததில்லை. 2024 அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 18.1-இல் அந்நிறுவனம் தானே இந்த வசதியைக் கொடுத்தபோது, அறிவிப்பையும் அதோடு பிணைத்தே கொடுத்தது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் அறிவிப்பு ஒலிக்கும். பதிவு ‘நோட்ஸ்’ செயலிக்குள் போய்ச் சேரும். ஒவ்வோர் அழைப்பிலும் நீங்களேதான் அழுத்த வேண்டும். ஐஃபோனுக்கென விற்கப்படும் பதிவுச் செயலிகள் பெரும்பாலும் மூன்றாவது எண் ஒன்றை உரையாடலில் சேர்த்து, அந்த எண்ணின் முனையில் பதிபவை. உங்கள் மாணவர்களின் பெற்றோர் பேசுவது யாரோ ஒரு நிறுவனத்தின் கணினியில் போய்த் தங்குகிறது என்பதால் அவற்றை நாம் பரிந்துரைப்பதில்லை.

பெற்றோர் துணுக்குறுவது, எதிர்பாராமல் ஓர் இயந்திரக் குரல் குறுக்கிடுவதனால்தான். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நீங்கள் உங்கள் குரலில், “பாட நேரத்தையும் கட்டணத்தையும் தவறில்லாமல் குறித்துக்கொள்வதற்காக இதைப் பதிவு செய்துகொள்கிறேன், உங்களுக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டுவிட்டால், பிறகு வரும் அறிவிப்பு உறுத்தாது. சம்மதமில்லை என்று ஒருவர் சொன்னால் அழுத்தாமல் விடுங்கள். பேசி முடித்த பிறகு எழுத்தில் அனுப்பிக்கொள்ளலாம். பதிவை எழுத்து வடிவத்தில் தரும் ஆப்பிளின் வசதி சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கு உண்டு. தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட மொழிகளில் தமிழ் இடம்பெறவில்லை என்பதால், தமிழில் பேசியதை நீங்களே கேட்டு எழுதிக்கொள்ள நேரிடும்.

கேள்வி: நான் பேசும் அழைப்பை நானே பதிவு செய்வது என் உரிமை அல்லவா? சொல்லாமல் பதிவு செய்வது சிங்கப்பூரில் குற்றமா? மன்றத்தில் அது செல்லுமா? (புதுப்பிப்புக் குத்தகையாளர், ஈசூன்)

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன, மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

முதலில் குற்றம் பற்றி. ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில், ஒருவர் பொதுவில் அல்லாது பேசியதை அவரது இசைவின்றிப் பதிவு செய்வது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அந்தரங்கமான உரையாடலுக்கு அதில் பங்குகொள்ளும் அனைவரது சம்மதமும் வேண்டும். கைப்பேசி நிறுவனங்கள் உலகம் முழுவதற்கும் ஒரே மென்பொருளைச் செய்வதால், இத்தகைய நாடுகளையும் மனத்தில் வைத்தே பூட்டுகளைப் போடுகின்றன. சிங்கப்பூரில், தாம் பங்குகொள்ளும் உரையாடலை ஒரு தனிமனிதர் பதிவு செய்வதைக் குற்றமாக்கும் பொதுவான சட்டம் இல்லை. நீங்கள் பங்குகொள்ளாத, பிறர் இருவர் பேசிக்கொள்ளும் அழைப்பை இடைமறித்துப் பதிவு செய்வது முற்றிலும் வேறு. அங்கே கணினி முறைகேட்டுச் சட்டம் குறுக்கிடக்கூடும். வெளிநாட்டு எண்ணோடு பேசும்போது அந்த நாட்டுச் சட்டமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, உரிமை பற்றி. இங்கேதான் உங்கள் வாதம் தடுமாறுகிறது. தனிப்பட்ட முறையில், வீட்டு விவகாரமாகப் பேசும் ஒருவருக்கு 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கடமை எதையும் விதிக்கவில்லை. ஆனால் நீங்கள் வாடிக்கையாளரிடம் பேசுவது குத்தகையாளராக. ஒரே ஆள் நடத்தும் தொழிலாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது ஓர் அமைப்பே. அடையாளம் காணக்கூடிய ஒருவரின் குரலும், அவர் சொல்லும் வீட்டு முகவரியும், அவரது பண நிலைமையும் தனிநபர் தகவல்கள். அவற்றைத் திரட்டும்போது எதற்காகத் திரட்டுகிறோம் என்பதைத் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்பதே பொதுவிதி. சில விதிவிலக்குகள் உண்டு. விசாரணைக்கோ நியாயமான நலனுக்கோ தேவைப்படும்போது சம்மதமின்றித் திரட்ட அவை இடம் தருகின்றன. ஆனால் அன்றாட ஆர்டர் அழைப்புகள் அனைத்தையும் சொல்லாமல் பதிந்து வைத்துக்கொள்வதற்கு அந்த விதிவிலக்குகளை வளைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. பதிவு செய்வதைச் சொன்ன பிறகும் ஒருவர் தாமாகவே தொடர்ந்து பேசினால், அதையே சம்மதமாகக் கொள்ளச் சட்டம் வழிவிடுகிறது. ஒரு வாக்கியம் சொல்வதால் கிடைக்கும் பாதுகாப்பை ஏன் கைவிட வேண்டும்? மீறலுக்கான அபராதத்தின் உச்சவரம்பு 1 மில்லியன் வெள்ளி. சிங்கப்பூரில் ஆண்டு விற்றுமுதல் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களுக்கு, விற்றுமுதலில் 10 விழுக்காடு அதைவிட அதிகமானால் அந்தத் தொகை. சிறு கடைக்கு அந்த அளவுக்குப் போகாது என்றாலும், புகார் ஒன்று தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போனால் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மூன்றாவது, சாட்சியம் பற்றி. ரகசியமாகப் பதிந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவை நீதிமன்றம் ஒதுக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. உங்களைப் போன்றவர்களின் வழக்குகள் பெரும்பாலும் போய்ச் சேரும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரையிலும், இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் உள்ள கோரிக்கைகளை, வழக்கறிஞர் இல்லாமல் விசாரிக்கிறது. சாட்சியச் சட்டத்தின் கட்டுகளும் அங்கே தளர்ந்தவை. ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லாததற்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக, நடுவில் துளைக்கருவியின் இரைச்சலோடு அரைமணி நேரம் ஓடும் ஓர் அழைப்பைக் கேட்டு எழுதி மொழிபெயர்த்துக் கொடுக்க ஆகும் செலவு, நீங்கள் கேட்கும் மீதித் தொகையில் எவ்வளவைத் தின்னும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வரி எழுத்துச் செய்தி அங்கே அதைவிடத் திறமையாகப் பேசும்.

கேள்வி: அப்படியானால், சிறிய கடை வைத்திருப்பவர் சட்டப்படியும் சுலபமாகவும் பதிவு செய்ய என்னதான் வழி? வாட்ஸ்அப் அழைப்புகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். (நகைக்கடை நிர்வாகி, சிராங்கூன் சாலை)

பதில்: கைப்பேசிக்குள் பதிவு செய்ய முயல்வதை விட்டுவிட்டு, இணைப்பு வரும் இடத்திலேயே பதிவு செய்வதுதான் கடைகளுக்கு ஏற்ற முறை. இணையவழித் தொலைபேசிச் சேவை ஒன்றை எடுத்தால், கடையின் எண்ணுக்கு வரும் அழைப்பு முதலில் சேவை நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து உங்கள் ஊழியர்களின் கைப்பேசிச் செயலிக்கோ மேசைத் தொலைபேசிக்கோ வருகிறது. இருகுரலும் அந்தக் கணினியைக் கடந்தே செல்வதால், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் என்ற பேதமில்லாமல் தெளிவாகப் பதிவாகிறது. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் ‘தரத்தை மேம்படுத்துவதற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்’ என்று சொல்லிவிட்டு நம்மோடு பேசுவது இந்த வகையில்தான். அறிவிப்பை நீங்களே தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பதிந்து வைக்கலாம். மாதக் கட்டணம் உண்டு. ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும். சேவையை எடுக்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: பதிவுகள் எந்த நாட்டுக் கணினியில் இருக்கும்? சேவையை நிறுத்தினால் அவற்றை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு அழிப்பார்களா? தகவல் வெளிநாட்டுக்குப் போகுமானால், அங்கும் இதே அளவு பாதுகாப்பு இருப்பதை உறுதிசெய்யும் கடமை உங்களுடையது.

அத்தனை அழைப்புகள் வராத கடைக்கு இது அதிகப்படி. அப்படிப்பட்டவர்கள் கைப்பேசியை ஸ்பீக்கரில் வைத்து, பக்கத்தில் ஒரு தனிப் பதிவுக் கருவியை வைத்தால் போதும். ஸ்பீக்கரில் பேச முடியாத இடத்தில், காதில் செருகிக்கொள்ளும் சிறு ஒலிவாங்கி உதவும். அதைக் காதில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே கைப்பேசியைப் பிடித்துப் பேசினால், காதில் விழுவதும் வாயில் வருவதும் சேர்ந்து கருவியில் பதிவாகும். செய்தியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் பொருள் அது. வாட்ஸ்அப்பில் அழைப்பைப் பதியும் வசதி இல்லை. ஐஃபோனின் பதிவுப் பொத்தானும் வாட்ஸ்அப் அழைப்புக்கு வராது. அங்கே இந்த வெளிக்கருவிகளே வழி. எந்தக் கருவியானாலும் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நம் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். மேலே எழுதிய தேக்கா வாசகருக்கும், அளவிலும் தொகையிலும் மட்டுமே தகராறு வரும் பெரும்பாலான கடைகளுக்கும், பதிவே தேவையில்லை. அழைப்பை வைத்தவுடன் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: “வணக்கம் அண்ணா. இப்போது பேசியபடி சனிக்கிழமை இரவு 7 மணி, புளோக் கீழ்த்தளம், சைவம் 120 பேர், அசைவம் 60 பேர், முன்பணம் 500 வெள்ளி. மாற்றம் இருந்தால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். சரி என்றால் ‘சரி’ என்று பதில் அனுப்புங்கள்.” அந்தப் பதில் வந்த பிறகுதான் காய்கறிக்குச் சொல்ல வேண்டும் என்று சமையற்கட்டில் ஒரு விதி வைத்துவிடுங்கள். தேதி, நேரம், எண்ணிக்கை அனைத்தும் வாடிக்கையாளரின் கைப்பேசியிலும் இருப்பதால், மறந்து போனவருக்கும் அது நினைவூட்டல். நகை போன்ற விலையுயர்ந்த பொருளில், செய்தியோடு வடிவத்தின் படத்தையும் எடையையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

கேள்வி: பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? எங்கள் விற்பனையாளர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசியில்தான் பேசுகிறார்கள். (துணிக்கடை உரிமையாளர், சிராங்கூன் சாலை)

பதில்: சட்டம் இத்தனை மாதம் என்று எண்ணிக்கை சொல்லவில்லை, திரட்டிய நோக்கம் முடிந்து, சட்டத் தேவையோ வணிகத் தேவையோ இல்லாதபோது அழித்துவிட வேண்டும் என்கிறது. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதால், தகராறுள்ள ஆர்டரின் பதிவை அதுவரை வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு. பொருளை வாங்கிப் பணமும் கட்டி மகிழ்ச்சியாகப் போனவரின் பதிவை அவ்வளவு காலம் வைத்திருக்க நியாயமில்லை. தம் பதிவை வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். 30 நாளுக்குள் கொடுக்க முடியாவிட்டால், எப்போது கொடுப்பீர்கள் என்பதை அந்த 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேதியும் ஆர்டர் எண்ணும் கோப்பின் பெயரில் இல்லாமல் கண்டபடி சேர்த்து வைத்தால், அப்போது தேடித் திண்டாட வேண்டியிருக்கும்.

விற்பனையாளர்களின் சொந்தக் கைப்பேசிதான் உண்மையான தலைவலி. வேலை நிமித்தமாக ஊழியர் பதிந்ததற்குப் பொறுப்பு அவருடையதன்று, கடையினுடையது. அவர் வேலையை விட்டுப் போகும்போது உங்கள் வாடிக்கையாளர்களின் குரலும் முகவரியும் அவரோடு போகின்றன. கைப்பேசி தொலைந்தாலும் அப்படித்தான். அதனால் 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் வெளியாகியிருந்தாலோ, பாதிக்கப்பட்டோருக்குக் கடுமையான கேடு விளையக்கூடியதாக இருந்தாலோ, அப்படி மதிப்பிட்டதிலிருந்து மூன்று நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கடைக்கென்று ஒரு கைப்பேசியும் ஒரு சிம் அட்டையும் வாங்கி வையுங்கள். ஆர்டர் அழைப்புகள் அதில் மட்டும் வரட்டும். இரவு கடையை அடைக்கும்போது கைப்பேசி கல்லாப்பெட்டியோடு கடையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. சிறிய கடையில் உரிமையாளராகிய நீங்களே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம்.